மயிலை கன்று போடும் நாள்

சென்னியப்பன் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது வரும், வந்தது எப்போது கிளம்பும், கிளம்பாவிட்டால் யாரைத் திட்டுவது என்பதிலேயே அவர் உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. மனைவி இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஞானம் தேடி, மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாங்காட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தார். கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றவில்லை.

மடத்தின் தலைவி அருக்காணி அம்மா. சென்னியப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் இவரை "அண்ணா" என்பார். இவர் அவரை "அம்மா" என்பார். இதில் இரண்டு பேருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று. கிணறு ஒன்று. இரண்டு பசுக்கள் நிற்கும் கட்டுத்தரை ஒன்று. மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுப்பார்கள். சமையலையும் மாடுகளையும் மாராயி பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஆனாலும் தூரத்திலிருந்தெல்லாம் அந்த மடத்துக்கு ஆள் வந்தது. உபதேசம் வாங்கத்தான். அம்மா நூல் எதையும் விளக்க மாட்டார். பக்குவம் வந்தவர் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். ஆளுக்கு ஆள் வேறு வாக்கியம். வாங்கிக்கொண்டவர் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மடத்தில் இதைத் தவிர வேறு சட்டம் கிடையாது.

சென்னியப்பன் வந்தது தை மாதம். மாசி முடிவதற்குள் கேட்டுவிட்டார்.

"எனக்கு எப்பங்கம்மா?"

அம்மா அப்போது கட்டுத்தரையில் மயிலையின் கழுத்தைச் சொறிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மயிலை சாம்பல் நிறப் பசு. சினையாக இருந்தது.

"அவசரமுங்களாண்ணா?"

"அவசரமெல்லாம் இல்லீங்க. நாளு தெரிஞ்சா நல்லதுங்க. அதுக்குத் தக்கன தயாராகலாம் பாருங்க."

அம்மா பசுவைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"மயிலை கன்னு போடற அன்னைக்கு."

சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை தெளிவான பதிலை அவர் எந்தச் சாமியாரிடமும் எதிர்பார்த்ததில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போனார்.

"மாராயி, மயிலைக்குக் காளை எப்ப வந்துச்சு?"

"ஆடிப் பதினெட்டுங்க. நோம்பிக்குப் பலகாரம் சுட்டுட்டு இருந்தேன். காளைய ஓட்டிட்டு வந்துட்டாங்க."

"மாடு எத்தன மாசம் சுமக்கும்?"

"ஒம்பது மாசமுங்க. மேல ஒம்பது பத்து நாளு."

விரல்விட்டு எண்ணினார். நாட்காட்டியை வைத்து இன்னொரு தடவை எண்ணினார். இரண்டும் ஒத்துப்போனது. திரும்பவும் அம்மாவிடம் வந்தார்.

"சித்திரை கடைசி வெள்ளிக்கிழமைங்கம்மா. முன்னப் பின்ன ஒரு நாளு ஆகலாம்."

"அப்படிங்களா?" என்றார் அம்மா.

அதைச் சென்னியப்பன் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள நான் என்ன தயார் பண்ணோணுமுங்க?"

"நகத்த வெட்டிருங்கண்ணா. ஒட்ட வெட்டோணும். கன்னு போடற வரைக்கும் வளர விடாதீங்க."

என்ன ஒரு நுட்பம் என்று அவர் வியந்துபோனார். ஆளைச் சுத்தம் செய்வதை நகத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்! அன்றைக்கே வெட்டினார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வெட்டினார்.

சில நாள் கழித்து அடுத்த கட்டளை வந்தது.

"காலையில மயிலையக் கூட்டிட்டு ஓடை வரைக்கும் நடங்க. அது போற வேகத்துக்குப் போங்க. இழுக்காதீங்க."

இது நடைத் தியானம் என்று சென்னியப்பன் கண்டுகொண்டார். மயிலை நாலு எட்டு வைக்கும், நிற்கும். வேலியில் எதையாவது கடிக்கும். சாணி போடும். தியானம் செய்கிறவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்.

"சாயங்காலம் அதோட உடம்பத் தேச்சு விடுங்க. முதுகு, இடுப்பு, வால் அடி எல்லாப் பக்கமும் உங்க கை படோணும். தெனமும்."

இது அகங்காரத்தைக் கரைப்பதற்கு. அதையும் அவரே கண்டுபிடித்தார். அம்மா எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. விளக்கமெல்லாம் இவர் கைவசமே தயாராக இருந்தது.

பங்குனி முடியும் சமயத்தில் ஒரு காரியம் நடந்தது. அதற்கு மட்டும் சென்னியப்பனால் விளக்கம் கண்டுபிடிக்க முடியவில்லை. மயிலையின் பாலைக் கறப்பதை நிறுத்தச் சொன்னார் அம்மா. மயிலை அப்போதும் காலையில் ஒரு செம்பு நிறையக் கறந்துகொண்டிருந்தது. இன்னொரு பசுவின் பால் மோருக்கே போதாது. சென்னியப்பனின் காப்பி அந்தச் செம்பிலிருந்துதான் வந்தது. மனைவியையும் வீட்டையும் விட்டு இருக்கப் பழகியவர், காப்பியை விட்டு இருக்கப் பழகவில்லை.

"பால் இருக்கறப்பவே நிறுத்தறதுங்களா?"

"இருக்கறப்பவே நிறுத்தினாத்தானுங்கண்ணா நிறுத்தறது."

"இன்னும் ஒரு மாசம் கறக்குமுங்களே."

"கறக்குமுங்க. அப்ப வயித்துல இருக்கறதுக்கு யாரு குடுக்கறது?"

அவர் காலிச் செம்பைப் பார்த்தார்.

"நம்மால அதுக்குச் செய்ய முடிஞ்சது கொஞ்சந்தானுங்க" என்றார் அம்மா. "அதுல மொதலு, அதுகிட்ட இருந்து எடுக்கறத நிறுத்தறது."

நாள் விட்டு நாள் கறந்தார்கள். பிறகு அதையும் விட்டார்கள். மடி சுருங்கியது. சென்னியப்பன் வரக்காப்பி குடித்தார். முகம் சுளித்தாலும் குடித்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அம்மாவோ வேறு ஒரு பெண்ணாக மாறியிருந்தார். யாராவது தத்துவம் பேச வந்தால், கட்டுத்தரைக்கே வரச் சொன்னார். தரையில் சுண்ணாம்பு தூவினார். அது காய்ந்ததும் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் தூவினார். காற்றும் நிழலும் வரும் மூலையை மயிலைக்கு ஒதுக்கினார். புது வைக்கோலை வெயிலில் உதறிப் போட்டார். கால்நடை டாக்டரின் போன் நம்பரைக் கரித்துண்டால் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார். அவருடைய வலது மணிக்கட்டு கோணலானது. சின்ன வயதில் ஓர் எருமை சுவரோடு சேர்த்து நசுக்கியதில் உடைந்து, சரியாகக் கூடாமல் போனது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையைப் பார்த்தவர்களுக்கு உபதேசமே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றுகிறது. ஆனால் சென்னியப்பன் அந்த நாட்களில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை வந்தது.

முந்தின நாளே அவருடைய மகள் தமயந்தி வாடகைக் காரில் வந்து இறங்கினாள். அப்பா உபதேசம் வாங்குகிறார் என்றால் சும்மாவா? புது வேட்டி, பூமாலை, தட்டு நிறையப் பழம். அதிகாலையிலேயே சென்னியப்பன் குளித்து, புது வேட்டி கட்டி, கட்டுத்தரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மயிலை நின்றது. படுத்தது. அசை போட்டது. தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை இழுத்துத் தின்றது.

மதியமானது. தமயந்தி நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினாள். சாயங்காலமானது. மாலை வாடியது.

"இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்கப்பா?"

"லேட்டு. வந்துரும்" என்றார் சென்னியப்பன். பயணிகளுக்கு ஆயிரம் தடவை சொன்ன அதே குரல்.

சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரின் டிரைவர் முணுமுணுக்க ஆரம்பித்தார். தமயந்தி அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே கிளம்பினாள். வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சென்னியப்பன் சமையல்கட்டுக்கு வந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அவமானம் கோபமாக வெளியே வந்தது.

"மாராயி, ஆடிப் பதினெட்டுன்னு நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க. அன்னைக்குக் காளை வந்துச்சுங்க." மாராயி அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "அப்பறம் ஆவணியில மயிலை மறுக்காக் கத்துச்சு. மறுக்காக் காளைய ஓட்டிட்டு வந்தாங்க."

சென்னியப்பன் அப்படியே நின்றார்.

"மறுக்காவா?"

"மொதத் தடவ சினை நிக்கலீங்க. மூணு வாரத்துல மறுபடி பருவத்துக்கு வந்துருச்சு."

வண்டி கிளம்பியிருக்கிறது. பாதியில் திரும்பி நிலையத்துக்கே வந்திருக்கிறது. மறுபடி கிளம்பியிருக்கிறது. முதலில் கிளம்பிய நேரத்தை வைத்துக்கொண்டு, முப்பது வருஷ அனுபவசாலி உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"காளை எப்ப வந்துச்சுன்னு கேட்டீங்க. சொன்னேன். அதுக்குள்ளதான் விரல விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டீங்களே."

அவர் அம்மாவிடம் போனார். அம்மா கிணற்றடியில் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது தடவ காளை வந்தது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கண்ணா."

"அப்பறம் ஏனுங்கம்மா சொல்லல? புள்ளைய வரச் சொல்லி, மாலைய வாங்கி, ஊரே சிரிக்கற மாதிரி ஆயிப்போச்சுங்களே!"

"அது கன்னு போடற நாள நீங்க எங்கிட்டக் கேக்கலீங்களே. நாளச் சொன்னீங்க."

சென்னியப்பன் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அம்மா தடுக்கவில்லை. மாராயி மட்டும் வாசல் வரை வந்து நின்றாள்.

கடைசி பஸ் வரத் தாமதமானது. காத்திருக்கும்போது அவருக்குத் திடீரென்று ஒன்று நினைவு வந்தது. சாயங்காலம் மயிலையின் கயிற்றைத் தளர்த்திவிட மறந்துவிட்டார். பகலில் குட்டையாகக் கட்டியிருக்கும் கயிறு. இந்த வயிற்றோடு அதனால் படுக்க முடியாது. விடிய விடிய நின்றுகொண்டே இருக்கும். மாராயி கவனிப்பாளா? கவனிப்பாள். கவனிக்காவிட்டால்?

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு மடத்துக்குத் திரும்பி நடந்தார்.

கயிறு குட்டையாகத்தான் இருந்தது. தளர்த்தினார். மயிலை பெருமூச்சு விட்டபடி கால் மடக்கிப் படுத்தது. சென்னியப்பனும் அங்கேயே ஒரு சாக்கை விரித்தார்.

மறுநாள் காலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வரக்காப்பி வந்தது. குடித்துவிட்டு மயிலையை ஓடைக்குக் கூட்டிப் போனார்.

புதிய கணக்குப் போட்டாரா என்றால், போட்டார். பழக்கம் விடுமா? வைகாசி நடுவுக்கு மேலே ஒரு தேதி வந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. மயிலையின் உடம்பைத் தேய்க்கும்போது முன்பெல்லாம் வாய் ஏதாவது மந்திரம் முணுமுணுக்கும். இப்போது கை மட்டும் வேலை செய்தது. மடி நாளுக்கு நாள் இறங்குவது தெரிந்தது. எந்தப் பக்கம் கன்று உதைக்கிறது என்று தெரிந்தது. வலது பக்கம் தேய்த்தால் மயிலை காதை ஆட்டும் என்பதும், இடுப்பு எலும்புக்குப் பின்னால் அழுத்தினால் அதற்குப் பிடிக்காது என்பதும் தெரிந்தது. அம்மாவோடு அதிகம் பேசவில்லை. கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குள் எத்தனை வாரம் போனது என்று கேட்டிருந்தால் அவரால் சட்டென்று சொல்லியிருக்க முடியாது.

ஒருநாள் காலையில் மடத்து வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. பக்கத்து ஊரில் யாரோ வீடு கட்டியிருந்தார்கள். அம்மா வந்து விளக்கேற்ற வேண்டுமாம். அம்மா கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார்.

கட்டுத்தரையிலிருந்து சென்னியப்பன் வேகமாக வந்தார்.

"அம்மா, இன்னைக்கு நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க."

"ஏனுங்கண்ணா?"

"மயிலை இன்னைக்குக் கன்னு போட்டுரும்."

"புதுசா ஒரு கணக்குப் போட்டிருப்பீங்களே, அதுப்படி இன்னும் நாளு இருக்குமுங்களே."

"கணக்க விடுங்கம்மா. வந்து பாருங்க." அவர் தன் கையை நீட்டிக் காட்டினார், ஏதோ அந்தக் கையிலேயே எழுதியிருப்பது மாதிரி. "வாலடியில ரெண்டு பக்கமும் நேத்து வரைக்கும் கெட்டியா இருந்துச்சு. இன்னைக்குத் தொட்டா அமுங்குது. வைக்கோலத் திரும்பியும் பாக்கல. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது."

அம்மா அவர் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு காரை அனுப்பிவிட்டார்.

உச்சிவெயிலில் மயிலை படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது. பனிக்குடம் வெளியே வந்து உடைந்தது. ஒரு குளம்பு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கு தெரிந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

மயிலை முக்கியது. முக்கிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு குளம்பு.

"ரெண்டு காலு வரோணும்" என்றார் அம்மா. அவர் குரல் மாறியிருந்தது. "ஒண்ணு உள்ள மடங்கியிருக்குது."

சுவரில் இருந்த நம்பருக்கு மாராயி போன் போட்டாள். டாக்டர் இன்னொரு ஊரில் இன்னொரு மாட்டுக்குப் பக்கத்தில் இருந்தார். உடனே கிளம்புகிறேன், ஆனால் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். அதுவரை கன்று தாங்குமா என்று மாராயி கேட்டாள்.

"அங்க கை ஒல்லியா இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார் டாக்டர். "நகம் இருக்கக் கூடாது. மாடு மிரளாத ஆளா இருக்கோணும்."

அம்மா தன் கோணல் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. மாராயியின் தடித்த கையையும் பார்க்கவில்லை. சென்னியப்பனைப் பார்த்தார்.

சென்னியப்பன் தன் விரல்களைப் பார்த்தார். எல்லா நகமும் ஒட்ட வெட்டியிருந்தது.

"நான் பஸ்ஸ அனுப்பினவனுங்கம்மா" என்றார்.

"கடிகாரத்தக் கழட்டுங்கண்ணா."

கழற்றினார். மாராயி சோப்பும் வெந்நீரும் கொண்டுவந்தாள். முழங்கைக்கு மேலே வரை எண்ணெய் தடவினார்கள். டாக்டர் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். முதலில் கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். மடங்கிய முழங்காலைத் தேட வேண்டும். குளம்பு மாட்டின் உள்ளே கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, காலை நிமிர்த்தி முன்னால் கொண்டுவர வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் போன் துண்டிக்கப்பட்டது.

சென்னியப்பன் கையை உள்ளே விட்டார். மயிலை திரும்பிப் பார்த்தது. எல்லா நாளும் தன்னைத் தேய்த்துவிடும் கைதான். எழுந்திருக்கவில்லை.

உள்ளே சூடாக இருந்தது. கன்றின் நெற்றி தட்டுப்பட்டது. தள்ளினார். அதே நேரத்தில் மயிலை முக்கியது. இரண்டு சுவர்களுக்கு நடுவில் கை மாட்டிக்கொண்டது போல் வலித்தது. அவர் இன்னும் பலமாகத் தள்ளினார். மயிலை இன்னும் பலமாக முக்கியது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. நேரம் போகிறது, நேரம் போகிறது என்று தலைக்குள் ஓடியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. தள்ளினார். மயிலை கதறியது.

"செத்துருமுங்கம்மா" என்றார். "தள்ளவே முடியலீங்க."

மாராயி மாட்டின் தலையை மடியில் பிடித்தபடி அழுதாள். அம்மா எழுந்து வந்து சென்னியப்பனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். சத்தம் கேட்டு மாடு மிரளக் கூடாது. அதனால் அவர் காதோடு வாயை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"அது முக்கும்போது நீங்க நில்லுங்க. அது நிக்கும்போது நீங்க போங்க."

சென்னியப்பன் தள்ளுவதை நிறுத்தினார்.

மயிலை முக்கியது. அவர் நின்றார். கை நசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முக்கல் மெல்லத் தளர்ந்தது. ஒரு மூச்சு விடும் இடைவெளி. அவர் போனார். கன்று ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது.

மறுபடி முக்கல். நின்றார். மறுபடி இடைவெளி. போனார். முழங்கால் கிடைத்தது. விடவில்லை, அவசரப்படவும் இல்லை. அடுத்த இடைவெளியில் குளம்பு உள்ளங்கைக்குள் வந்தது. ஒரு பறவை முட்டையை மூடுவது போல் மூடினார். அதற்கும் அடுத்த இடைவெளியில், மடங்கியிருந்த கால் நிமிர்ந்து வெளியே வந்தது.

"ரெண்டு" என்றாள் மாராயி அழுகையோடு.

பிறகு வேலை மயிலையுடையது. நாலு முக்கலில் தலை வந்தது. தோள் வந்தது. கன்று மொத்தமாக அவர் மடியில் வழுக்கி விழுந்தது.

அசைவில்லை.

அம்மா அதன் மூக்கிலிருந்த சளியைத் துடைத்து எறிந்தார். ஒரு வைக்கோலை எடுத்து மூக்குத்துளைக்குள் குத்தித் திருகினார். ஒன்றுமில்லை. மறுபடியும் திருகினார். கன்று தும்மியது. தலையை உதறியது.

சென்னியப்பன் வாய்விட்டு அழுதார். மனைவி இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

கன்றைத் துடைக்கத் துணி போதவில்லை. அவர் எழுந்து அறைக்கு ஓடினார். பெட்டியைத் திறந்து, கைக்கு முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். துடைத்தார். அது எந்த வேட்டி என்று மாராயிதான் கவனித்தாள். அவள் சொல்லவில்லை.

கிடாரிக் கன்று. மயிலை அதை நக்க ஆரம்பித்தது. யாரும் இருப்பதாகவே அது கண்டுகொள்ளவில்லை.

டாக்டர் வந்தபோது கன்று நாலு கால்களையும் நாலு திசையில் வைத்து நின்றுகொண்டிருந்தது. அவர் மாட்டைச் சோதித்தார். உள்ளே காயம் எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி தானாக விழுந்துவிடும், இழுக்க வேண்டாம் என்றார்.

"யாரு கை?" என்றார்.

மாராயி காட்டினாள். சென்னியப்பன் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கடிகாரம் வைக்கோலுக்குள் எங்கேயோ கிடந்தது.

மறுநாள் காலை சமையல்கட்டிலிருந்து சீம்பால் வேகும் மணம் வந்தது. கன்று குடித்ததுபோக மிச்சம் இருந்த பால். சென்னியப்பன் எழுந்து, முகம் கழுவி, கட்டுத்தரைக்கு வந்தார். கொடியில் அந்தப் புது வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை துவைத்தும் கறை போகவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு எல்லாம் நினைவு வந்தது.

அம்மா கன்றின் தொப்புளில் மஞ்சள் மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"நேத்து மயிலை கன்னு போட்டுருச்சுங்க."

"ஆமாங்க. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"மயிலை கன்னு போடற அன்னைக்குன்னு சொல்லியிருந்தீங்க."

"சொன்னேனுங்க."

"அந்த நாளு போயிருச்சுங்களே." அவர் குரலில் கோபம் இல்லை. எதையோ கைதவற விட்டவரின் வருத்தம் இருந்தது. "எனக்கு ஞாபகமே வரலீங்கம்மா. கேக்கோணும்னுகூடத் தோணல. தூங்கிட்டேன்."

அம்மா கன்றை எழுப்பி மயிலையின் மடியில் விட்டார். கன்று முட்டி முட்டிக் காம்பைத் தேடியது. கிடைத்தது. வால் ஆடியது.

"நேத்து உங்க காதுகிட்ட வந்தேனுங்களாண்ணா?"

"வந்தீங்க."

"ஏதாச்சும் சொன்னேனுங்களா?"

"சொன்னீங்க. அது முக்கும்போது நீங்க..."

அம்மா தன் கோணல் கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"வெளிய சொல்லக் கூடாதுங்கண்ணா."